ஆப்பு வைத்த கை

மாப்பிள்ளையின் இடது கை விரல்கள் நான்கும் நசுங்கிப் போனபோது, அவன் மச்சான் ரசமட்டம் அதே பட்டறையின் மறுகோடியில் நின்று டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். முதலில் கேட்டது தகடு அழுத்துகிற பிரஸ் விழும் சத்தம். அது நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான், யாரும் திரும்பவில்லை. அடுத்து வந்தது அலறல். ஒரு மனிதனின் தொண்டையிலிருந்து அப்படியும் சத்தம் வரும் என்று அங்கே இருந்த அறுபது பேருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஓடினார்கள். நாலாம் நம்பர் பிரஸ்ஸின் மேல் அச்சு இறங்கின வேகத்திலேயே ஏறிப்போய் ஒன்றும் அறியாததுபோல் மேலே நின்றது. கீழ் அச்சில் கதவுக் கீலுக்கான தகடு கிடந்தது. தகட்டோடு தகடாக விரல்களும் கிடந்தன. மாப்பிள்ளை தன் கையையே யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு, வலது கையை இன்னமும் பொத்தானிலிருந்து எடுக்காமல் நின்றிருந்தான். அவனுடைய தம்பி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, அண்ணனைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினான். இரண்டு ஆள் தூக்கும் தகட்டுக் கட்டை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவன் அவன். பட்டறையில் அவன் பெயர் கிரேன். அவன் ஓடிய வழியெல்லாம் சிமெண்டுத் தரையில் ரத்தம் கோடு போட்டிருந்தது.

கூட்டம் வாசல் பக்கம் போனதும் போர்மேன் குனிந்து பிரஸ்ஸின் இடது பொத்தானைப் பார்த்தார். அதில் ஒரு மர ஆப்பு செருகியிருந்தது. பொத்தான் உள்ளே அமுங்கியபடியே இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான்கள், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது அச்சுக்குள் எந்தக் கை இருக்கும்? மிஷினைச் செய்தவன் புத்திசாலி. ஆனால் மனிதன் அவனுக்கும் மேலே. இடது பொத்தானில் ஓர் ஆப்பைச் செருகிவிட்டால் வலது கை மட்டும் போதும், இடது கையால் தகட்டை வைத்துக்கொண்டே இருக்கலாம், வேலை பறக்கும். எல்லோரும் செய்தார்கள். போர்மேனுக்கும் தெரியும். தெரியாததுபோல நடக்க அவருக்கும் தெரியும்.

நாலாம் நம்பருக்கு அந்த ஆப்பைச் செதுக்கிக் கொடுத்தவன் ரசமட்டம்தான். அவன் அச்சு பொருத்துகிற ஃபிட்டர். இருபது வருடமாக அந்தப் பட்டறையின் எட்டு பிரஸ்ஸுக்கும் அச்சை ஏற்றி இறக்குகிறவன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாண் நீளத்தில் பித்தளைப் பூண் போட்ட ரசமட்டம் ஒன்று இருக்கும். அச்சை மாட்டியதும் அதை மேலே வைத்து, உள்ளே இருக்கும் குமிழி கோட்டுக்கு நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சுக்கூட விடமாட்டான். அதனால்தான் அந்தப் பெயர். வேலையில் மட்டுமா? பேச்சிலும் அப்படித்தான் என்று ஊரே சொன்னது. எடை போடுகிற இடத்தில் தகராறு என்றால் அவனைக் கூப்பிடு, ரெண்டு பேர் அடித்துக்கொண்டால் அவனைக் கேள். 'ரசமட்டம் சொல்லிட்டாரா? அப்ப சரி' என்று போய்விடுவார்கள். அப்பா அம்மா போனபின் தங்கச்சியைத் தானே வளர்த்து, இதே பட்டறை ஆளான மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்து, பக்கத்துப் பகுதியிலேயே குடிவைத்திருந்தான். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. என் வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்றால் அது நான் பிசகாமல் வாழ்வதுதான் என்று அவன் உண்மையாகவே நம்பினான். நம்பட்டும், அதில் தப்பில்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். காலை ஷிப்டில் நாலாம் நம்பரை ஓட்டியவன் சரடு. வாயைத் திறந்தால் சரடு விடுகிறவன், அதனால் அந்தப் பெயர். முதலையோடு மல்லுக்கட்டினேன் என்பான், அமைச்சர் எனக்குக் கைகொடுத்தார் என்பான். கேட்கச் சுவாரசியமாக இருக்கும், ஒருத்தரும் நம்பமாட்டார்கள். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் அவன் ஆப்பைக் கழற்றி மிஷின் டிராயரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். மதிய ஷிப்டுக்காரர்கள் உள்ளே வரப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் காலியான பட்டறையில் ரசமட்டம் நாலாம் நம்பருக்குப் போனான். யாரும் கூப்பிடவில்லை. காலையில் தான் பொருத்திய அச்சு இம்மி சாய்ந்திருக்குமோ என்று ஓர் அரிப்பு. டிராயரிலிருந்து ஆப்பை எடுத்து இடது பொத்தானில் செருகி, ஒரு கையால் மேல் அச்சை இறக்கி ஏற்றி, மறு கையால் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது. திருப்தி. அந்த நேரம் பார்த்து டீக்காரர் கூப்பிட்டார். போய்விட்டான்.

ஆப்பைக் கழற்றவில்லை.

மாப்பிள்ளை வந்தான், ஆப்பு இருப்பதைக் கவனிக்கவில்லை. முதல் தகடு கோணலாக இருந்தது. வலது கை வழக்கம்போல் பொத்தான்மேல் இருக்க, இடது கையை உள்ளே விட்டுத் தகட்டைச் சரிசெய்தான். இரண்டு பொத்தானையும் அழுத்தாமல் அச்சு இறங்காது என்று அவன் நம்பிய அந்த நொடியில் வலது கை இம்மி அழுந்தியது. அவ்வளவுதான்.

மறுநாள் காலை போர்மேன் தன் அறையில் விசாரணை வைத்தார். மேஜைமேல் ஒரு காகிதத்தில் அந்த ஆப்பு இருந்தது, ஓரத்தில் காய்ந்த ரத்தத்தோடு. கிரேன் கதவோரம் நின்றான். முந்தின நாள் சட்டையைக்கூட அவன் மாற்றவில்லை. சரடைக் கேட்டார்கள். கழற்றி டிராயரில் போட்டேன் என்றான். சத்தியமா, என் பிள்ளைமேல சத்தியமா என்றான். அவனுக்குப் பிள்ளையே கிடையாது. பின்னால் நின்ற இரண்டு பேர் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டார்கள். சரடு தன் தலையில் தானே அடித்துக்கொண்டான்.

அப்புறம் போர்மேன் ரசமட்டத்தைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். காலையில அச்சு பொருத்தினதுக்கு அப்புறம் நீங்க அந்த மிஷின் பக்கம் போனீங்களா என்று கேட்டார்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். அதை நம்பலாம். ஆனால் கதவோரம் நின்ற கிரேனின் சட்டை கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நேற்று ராத்திரி முழுக்கத் தன் தோளில் சாய்ந்து, 'அண்ணே, எவன் அண்ணே இப்படிப் பண்ணான்?' என்று கேட்டுக் கேட்டு அழுத தங்கச்சியின் முகம் கண்ணில் வந்தது.

"இல்ல, போகல" என்றான்.

"அப்ப ஆப்பு?"

"சரடு ஷிப்டுலயிருந்தே இருந்திருக்கும்."

முடிந்தது. இரண்டே வாக்கியம். 'ரசமட்டம் சொல்லிட்டாரா? அப்ப சரி.' சரடு அவனைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. தனக்குத்தான் மறந்துபோய்விட்டதோ, உண்மையிலேயே கழற்றாமல் போய்விட்டோமோ என்று சந்தேகப்படுகிற பார்வை அது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

மூன்றாம் நாள் சரடு தன் சாமான்களை எடுக்கப் பட்டறைக்கு வந்தான், அவனை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். கிரேன் காத்திருந்தான். சரடின் சட்டைக் காலரைப் பிடித்துக் கழிவுத் தகடு குவித்திருக்கும் பின்கட்டுக்கு இழுத்துப்போய், முதலில் வாயில் அடித்தான். 'இந்த வாய்தானே, இந்த வாய்தானே' என்று சொல்லிச் சொல்லி அடித்தான். சரடின் உதடு கிழிந்து பல் ஒன்று தரையில் விழுந்தது. விழுந்தவனைக் காலால் உதைத்தான், விலாவில் உதைத்த சத்தம் மூட்டையில் உதைத்ததுபோல் மொத்தென்று கேட்டது. இருபது பேர் சுற்றி நின்றார்கள். ஒருத்தரும் தடுக்கவில்லை. அண்ணன் கை போனவன் அடிக்கிறான், யார் குறுக்கே போவது?

ரசமட்டமும் நின்றான். முன்வரிசையில்.

அங்கே ஒரு மேஜையில் வைஸ் பொருத்தியிருந்தது. இரும்பைப் பிடித்து இறுக்கி வைத்து அராவுகிற இரட்டைத் தாடை. கிரேன் சரடைத் தூக்கி நிறுத்தி, அவன் வலது கையை அந்தத் தாடைகளுக்கு நடுவில் வைத்து, கைப்பிடியைச் சுழற்ற ஆரம்பித்தான். சரடுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அண்ணே" என்று ரசமட்டத்தைப் பார்த்துச் சொன்னான், ரத்தம் வழிகிற வாயோடு. "நான் கழட்டிட்டேண்ணே. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா இவன் கேப்பான்."

ரசமட்டம் தரையைப் பார்த்தான். தரையில் ஒரு பல் கிடந்தது. கைப்பிடி இரண்டு சுற்றுச் சுற்றியது. முதலில் ஒரு சத்தம், பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு. சரடு கத்தவே இல்லை, வாய் திறந்தபடியே நின்று, அப்படியே மடங்கி விழுந்தான். கை வைஸில் மாட்டியிருந்ததால் முழுதாக விழக்கூட முடியாமல் தொங்கினான். கிரேன் இரண்டடி தள்ளிப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். கைப்பிடியைத் தளர்த்திச் சரடின் கையை எடுத்துவிட்டவன் ரசமட்டம்தான். நல்ல மனுஷன்யா என்று யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது.

போர்மேன் விஷயத்தை உள்ளுக்குள்ளேயே முடித்துக்கொள்ளச் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, கிரேன் பக்கத்தில் நிற்க, கை வழுக்கி வைஸில் மாட்டிக்கொண்டது என்றான் சரடு. வாழ்க்கையில் முதல்தடவையாக அவன் சொன்ன ஒரு பொய்யைக் கேட்டவர்கள் நம்பினார்கள்.

அந்த வாரம் முழுக்க ரசமட்டம் பெட்டியைக் குடைந்தான், மேஜைக்கடியில் தவழ்ந்தான். தன் ரசமட்டத்தைக் காணவில்லை. டீ நேரத்தில் எங்கேயோ வைத்துவிட்டான், எங்கே என்று நினைவில்லை. அது இல்லாமல் அச்சு பொருத்தினான். எல்லாம் சாய்வாக இருப்பதுபோலவே தோன்றியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவனுக்குக் குறுகுறுக்கவில்லை, குத்தியது. கண்ணை மூடினால் மாப்பிள்ளையின் விரல் வரவில்லை. வைஸின் கைப்பிடி வந்தது. விரல் போனது மறதியால், அதை மனசு எப்படியோ செரித்துக்கொண்டது. கை உடைந்தது மறதியால் இல்லை.

அப்புறம் ஒன்று யோசித்தான், அதுதான் அவனை ஆட்டிவைத்தது. இருபது வருடம் உண்மை பேசினேன் என்கிறேனே, அந்த இருபது வருடத்தில் எந்த உண்மையாவது என்னிடம் ஏதாவது கேட்டதா? எடையைச் சொன்னேன், எனக்கு நஷ்டமில்லை. அடுத்தவன் தப்பைச் சொன்னேன், எனக்குப் பெயர் வந்தது. உண்மை முதல்தடவையாக வந்து கைநீட்டியபோது கதவைச் சாத்திவிட்டேன். அந்தச் சரடு பயல் முதலைக்கதை சொல்லிச் சொல்லியே வாழ்ந்தான், ஆனால் அவன் பொய்யால் ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழவில்லை. அப்படியானால் இரண்டு பேரில் பொய்யன் யார்?

பத்தாம் நாள் காலை போர்மேனிடம் போய்ச் சொன்னான். ஆப்பு வைத்தவன் நான்தான் என்றான். போர்மேன் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார்.

"உங்களை எனக்குத் தெரியாதா? அந்தப் பயலுக்கு வேலை போச்சேன்னு பழியைத் தூக்கி உங்க தலைல போட்டுக்கறீங்க. பெரிய மனசு."

இவன் மறுபடியும் சொன்னான். அவர் மறுபடியும் தட்டினார். சாயங்காலத்துக்குள் பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. சரடுக்காக ரசமட்டம் தன் பெயரையே விட்டுக்கொடுக்கப் பார்த்தாராம், இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆளா என்று. ஆப்பசைத்த குரங்கின் கதை தெரியும்தானே? இவன் செதுக்கியதோ மர ஆப்பு. மாட்டிக்கொண்டதோ நல்லவன் என்ற பெயரில். இழுக்க இழுக்க அது இன்னும் இறுகியது.

அன்று மாலை நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனான். மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், இடது கை மணிக்கட்டுக்கு மேல்வரை வெள்ளைக் கட்டு. தங்கச்சி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ரசமட்டம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாப்ள, அந்த ஆப்பை வச்சது நான்" என்றான்.

மாப்பிள்ளை வலது கையைத் தலையணைக்கு அடியில் விட்டுத் துழாவி எதையோ எடுத்துக் கட்டில்மேல் வைத்தான். பித்தளைப் பூண் போட்ட ரசமட்டம். பூணின் இடுக்கில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

"அன்னிக்கு மிஷின்மேல மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்க. டீ நேரத்துல குடுக்கலாம்னு சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்."

தெரியுமா, முதல் நாளிலிருந்தே தெரியுமா என்று ரசமட்டம் கேட்டான். மாப்பிள்ளை தலையை ஆட்டினான். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததுமே கணக்குப் போட்டுவிட்டானாம், ஓடுகிற மிஷின்மேல் அது நின்றிருக்காது, அப்படியானால் மச்சான் ரெண்டு மணிக்கு மேல் மிஷினுக்கு வந்திருக்கிறார் என்று. சொல்லத்தான் நினைத்தானாம். அதற்குள் மச்சானே சரடு என்று சொல்லிவிட்டதாகத் தம்பி வந்து சொன்னானாம்.

"உங்க பேரைச் சொன்னா அந்த வைஸ்ல உங்க கைதான் இருந்திருக்கும், மச்சான். அப்புறம் இவ என்னோட எப்படி வாழ்வா? இவளுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா? அதான் வாயை மூடிக்கிட்டேன்."

அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியவில்லை. தங்கச்சி கதவில் நின்றாள், கையில் ஈரப் பாத்திரம். முதலில் அண்ணனைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். பாத்திரம் பறந்து வந்து ரசமட்டத்தின் நெற்றியில் பட்டது. புருவத்துக்கு மேலே தோல் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவன் துடைக்கவில்லை. அவள் கிட்டே வந்து அண்ணன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள், திரும்பிப் புருஷன் கன்னத்திலும் அறைந்தாள். கை போனவன் என்று பார்க்கவில்லை. வளர்த்தவன் என்றும் பார்க்கவில்லை.

"எனக்காகவா?" என்றாள். "ஒருத்தன் கையை உடைக்க விட்டது எனக்காகவா? நான் கேட்டேனா?"

சரடின் பெண்டாட்டி அந்தத் தெருக்கோடியில்தான் இருக்கிறாள். நேற்று குழாயடியில் பார்த்தபோது அவள் முகத்தில் காறித் துப்பிவிட்டு வந்ததைத் தங்கச்சி சொன்னாள். துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாளாம். அதைச் சொல்லும்போதுதான் தங்கச்சி அழுதாள்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு, ரெண்டு ஷிப்டும் இருக்கிற நேரம். ரெண்டு பேரும் போய்ச் சொல்றீங்க. அவ புருஷனை நான் கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

மறுநாள் சங்கு ஊதியது. போகிறவர்களை ரசமட்டம் நிறுத்திவைத்தான், வருகிறவர்களும் சேர நூற்றுச் சொச்சம் பேர் நின்றார்கள். ரசமட்டம் நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று சொன்னான். கூட்டம் கையைத் தட்ட ஆரம்பித்தது! அப்போது மாப்பிள்ளை முன்னால் வந்து, கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, மறு கையில் அந்த ரசமட்டத்தைத் தூக்கிப் பிடித்தான். எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, தனக்கு எப்போதிருந்து தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னான். இருபது வருடமாகப் பார்த்துப் பழகின சாமான் அது. அடையாளம் தெரியாதவர் யாருமில்லை. கைத்தட்டல் ஒவ்வொரு கையாக நின்றது.

கிரேனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவன் முகம் கோணிக்கொண்டது. ரசமட்டத்தைப் பெட்டியிலிருந்து இழுத்துத் தரையில் அடித்தான். வாயில் விழுந்த முதல் குத்திலேயே முன்பல் இரண்டும் உள்ளே மடங்கின. மேலே ஏறி உட்கார்ந்து மாறி மாறிக் குத்தினான். ரசமட்டம் கையைத் தூக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. "ஏன்டா என் கையால பண்ண வச்சே? ஏன்டா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தான் கிரேன். அண்ணன் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளை ஒற்றைக் கையால் தம்பியைப் பிடித்து இழுத்தான், அவனுக்கும் மார்பில் ஒரு உதை விழுந்தது, கட்டுப்போட்ட கையின்மேல் விழுந்து அலறினான். அந்த அலறலில்தான் கிரேன் எழுந்தான். எழுந்து ரசமட்டத்தின் காலைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனான், தலை படியில் இரண்டு முறை இடித்தது. கூட்டம் பின்னாலேயே போனது. இந்தத் தடவையும் யாரும் தடுக்கவில்லை.

வைஸ் அங்கேயே இருந்தது, தாடையில் பழைய கறை. ரசமட்டம் மேஜையைப் பிடித்துத் தானே எழுந்து நின்றான். தன் வலது கையைத் தானே தாடைகளுக்கு நடுவில் வைத்தான். அவனுக்கு அப்போது பயமில்லை, உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்தக் கை உடைந்தால் எல்லாம் நேராகிவிடும், இன்றிரவு தூக்கம் வரும் என்று நினைத்தான். கிரேன் கைப்பிடியைப் பிடித்தான். தாடை தோலைத் தொட்டது, இறுகியது, நகக்கண்கள் வெளுத்தன.

"கிரேனு, நிறுத்து."

சரடு. தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்றான், வலது கை மாவுக்கட்டில் கழுத்தோடு தொங்கியது. பல் போன இடத்தில் காற்று புகுந்து பேச்சு குழறியது. கூட்டம் அவனுக்கு வழி விட்டது. அவன் வந்து இடது கையால் வைஸின் கைப்பிடியைப் பின்பக்கம் சுழற்றினான். கிரேன் தடுக்கவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"இவர் கையும் உடைஞ்சா எனக்கு என்ன வந்துச்சு?" என்றான் சரடு. "நாளைக்கே நீங்க எல்லாரும், பாவம் அவரும் அனுபவிச்சிட்டாருன்னு சொல்லி, இவரை மறுபடியும் நல்லவராக்கிடுவீங்க. வேணாம். கை முழுசா இருக்கட்டும்."

ரசமட்டம் அவனையே பார்த்தான். என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்க நினைத்தான், உடைந்த வாயால் முடியவில்லை. சரடுக்குப் புரிந்தது.

"நாலாம் நம்பர்ல எவன் புதுசா வந்து நின்னாலும், அவன் பொத்தானைத் தொடறதுக்கு முன்னாடி, நீங்க போய்ச் சொல்லணும். இன்னிக்குச் சொன்னதை அப்படியே சொல்லணும். நீங்க இங்க வேலை பார்க்கிற கடைசி நாள் வரைக்கும்."

அடி வாங்கும்போது அழாதவன் அப்போதுதான் அழுதான். அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அங்கே அவன் ஒருத்தனுக்குத்தான் தெரிந்தது.

எட்டு நாள் கழித்து ரசமட்டம் வேலைக்கு வந்தான். சரடை மறுபடி வேலைக்கு எடுத்திருந்தார்கள், கேட்டில் நின்று வருகிறவர்களைக் குறித்துக்கொள்கிற வேலை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தான், தான் பிறந்ததே இடது கைக்காரனாகத்தான் என்று வருகிறவனிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தான். போர்மேன் எட்டு பிரஸ்ஸின் ஆப்புகளையும் பொறுக்கி அடுப்பில் போட்டிருந்தார், தனக்கு இது எதுவுமே முன்பு தெரியாது என்பதுபோல.

நாலாம் நம்பருக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். வேறு பட்டறையில் பத்து வருடம் வேலை பார்த்தவர், நிதானமான ஆள். பிரஸ்ஸைத் துணியால் துடைத்துவிட்டு இரண்டு கையையும் பொத்தான்களுக்குக் கொண்டுபோனார். ரசமட்டம் பக்கத்தில் போய் நின்றான். ஒரு கண் இன்னும் பாதி மூடித்தான் இருந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க. இந்த மிஷின்ல என் தங்கச்சி புருஷனோட நாலு விரல் போச்சு. இதுல ஆப்பு வச்சு எடுக்க மறந்தது நான். அன்னிக்குக் காலை ஷிப்டுல ஓட்டினவர் மேல பழியைப் போட்டதும் நான். அவர் கையை உடைச்சாங்க, நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

புதிய ஆள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை துளியும் இல்லை. இருபது வருடத்தில் யாரும் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"யாரு அந்த ஆளு?" என்றார்.

"கேட்ல உங்க பேரை எழுதிக்கிட்டாரே, அவர்தான்."

"அவரா? அவரு என்கிட்ட முதலையோட சண்டை போட்டுக் கை உடைஞ்சுதுன்னாரே."

ரசமட்டம் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, முதலை நான்தான் என்று சொல்லிவிட்டு, அடுத்த பிரஸ்ஸில் அச்சு பொருத்தப் போனான்.